மண்ணில் பட்டால் ஒட்டும் உடம்பு: இந்தோனேசியாவின் பழைய சண்டைப்படங்களும் லஞ்சமும்

தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம், முண்டம் ஒரு பக்கமாகச் சூனியக்காரன் கிடக்கிறான். வெட்டியவன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான். அவன் திரும்புவதற்குள் துண்டங்கள் மண்ணில் உருண்டு வந்து பொருந்துகின்றன. செத்தவன் எழும்பிச் சிரிக்கிறான். 1981இல் வந்த ‘ஜாகா செம்புங்’ படத்தைப் பார்த்தவர்கள் கதையை மறந்தாலும் இந்த இடத்தை மறக்கமாட்டார்கள். ஜாவாவில் அந்த வித்தைக்கு ‘ராவா ரொந்தெக்’ என்று பெயர். அது தெரிந்தவனின் உடம்பு மண்ணைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனை வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய துண்டு நிலத்தில் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள்’ என்ற பேச்சைக் காலங்காலமாகக் கேட்டு வரும் ஊர் எங்களுடையது. ஒட்டுகிற மந்திரம் எங்களுக்குப் புதினமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தச் சூனியக்காரனைக் காசு கொடுத்துக் கூப்பிட்டது யார், அந்தக் காசு எங்கிருந்து வந்தது? பழைய இந்தோனேசியச் சண்டைப்படங்களை இந்தக் கேள்வியோடு பார்த்தால் அந்த நாடு லஞ்சத்தைப் பற்றித் தனக்குள் எப்படிக் கதைத்துக்கொண்டது என்பது வடிவாக விளங்கும்.

கூப்பிட்டது கொம்பனி. படத்தில் கிராமத்துச் சனம் வெள்ளைக்காரப் படையைக் ‘கும்பெனி’ என்கிறது. எங்கள் வாயில் கொம்பனி என்று வருவதும் அதே சொல்தான். 1638இல் போர்த்துக்கீசரிடமிருந்து மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு ஆசியத் தலைமையகம் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. கொழும்பில் கொம்பனித்தெரு என்ற பெயரும், ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்து சேர்ந்தோரின் வழிவந்த இலங்கை மலாயரும் அந்தக் காலத்தின் மிச்சம். கொம்பனி 1799 டிசம்பர் 31ஆம் திகதியோடு இல்லாமல் போனது. அதற்குப் பிறகு ஒல்லாந்த அரசே நேரடியாக ஆண்டபோதும் ஜாவாச் சனம் ஆட்சியைக் கும்பெனி என்றே சொல்லி வந்தது. கொம்பனியின் ‘விஓசி’ என்ற மூன்று எழுத்துச் சுருக்கத்தை ‘லஞ்சத்தால் அழிந்தது’ என்று விரித்துச் சொல்லும் பழைய ஒல்லாந்தப் பகிடி ஒன்றும் உண்டு. ஊழியருக்குச் சம்பளம் சொற்பம். சொந்தச் சரக்கைக் கொம்பனிக் கப்பலில் ஏற்றி விற்றே பலர் பிழைத்தார்கள். முதலாளிக்கு உரிய இலாபம் ஊழியனின் பெட்டிக்குள் போனது.

எங்கள் ‘கந்தோர்’ ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். இந்தோனேசியரும் அலுவலகத்தைக் கந்தோர் என்றுதான் சொல்கிறார்கள். ஆகையால் இவான் ஃபால்ஸ் என்ற பாடகர் 1980களில் பாடிய ‘திக்குஸ்-திக்குஸ் கந்தோர்’ என்ற பாட்டின் தலைப்பில் எங்களுக்குப் பாதி அப்படியே விளங்கும். திக்குஸ் என்றால் எலி. கந்தோர் எலிகள். லஞ்சம் வாங்கும் அதிகாரியைக் கழுத்துப்பட்டி கட்டிய எலியாக வரைவது இன்றைக்கும் அங்கே கேலிச்சித்திரக்காரர்களின் வழக்கம்.

சொற்களை இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இங்கேதான் விசயம் கிடக்கிறது. லஞ்சத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘சுவாப்’. கையால் பிசைந்து ஊட்டும் ஒரு கவளத்துக்கும் அதே சொல். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும் அதிகாரிக்குக் காசு கொடுப்பதும் ஒரே வினை. சில்லறை லஞ்சத்துக்குச் ‘சிகரெட் காசு’, வேலை வழுக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கொடுப்பதற்கு ‘வழுக்கற் காசு’, உள்ளங்கையில் நோட்டை ஒட்டவைத்துக் கைகொடுப்பதற்கு ‘ஒட்டுச் சலாம்’. தேர்தலில் வென்றவர் செலவழித்ததைத் திரும்ப எடுக்கத் தொடங்கினால் ‘பாலிக் மொடால்’ என்பார்கள். மொடால் எங்கள் முதல். தமிழ் வியாபாரிகளோடு கப்பலேறிப் போன ‘முதல்’ அங்கே நின்றுவிட்டது. போட்ட முதலைத் திருப்பி எடுப்பது என்பதுதான் அதன் முழு அர்த்தம். மாவட்ட ஆட்சித் தலைவரை அவர்கள் ‘புபாத்தி’ என்கிறார்கள். எங்கள் பூபதி. இது மன்னர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் இருந்த பதவிப் பெயர், இன்றைக்கு வாக்குப் போட்டுத் தெரிவு செய்யப்படுபவருக்கும் அதே பெயர்தான்.

இந்தப் படங்களின் உள்ளே ஓர் ஏணி இருக்கிறது. உச்சியில் கும்பெனி. அடுத்த படியில் ‘டெமாங்’, ஒல்லாந்தருக்குக் கீழே இருந்த உள்ளூர்ப் பிரிவு அதிகாரி. அதற்குக் கீழே ‘லூரா’, கிராமத் தலைவர். லூராவுக்கும் நிலச்சுவாந்தாருக்கும் அடியாளாக ‘செந்தெங்’. அடியில் வயற்காரன். எங்கள் பக்கத்துக் கண்ணுக்கு இது பழகிய ஏணி. பழைய மட்டக்களப்பில் வன்னிமை, உடையார், விதானையார் என்று ஒரு படிவரிசை இருந்தது. வயலில் போடியார், அவருக்குக் கீழே முல்லைக்காரன், அவனுக்குக் கீழே கூலிக்கு வந்தவன் என்று இன்னொன்று. (கிராம அலுவலரை நாங்கள் இன்றைக்கும் விதானையார் என்றுதானே கூப்பிடுகிறோம்.) படம் போடும்போது சண்டையை மட்டும் பார்க்காமல் காசோ நெல்லோ எருமையோ கைமாறும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கும்பெனிக்காரன் நேரே வந்து பறிப்பது குறைவு. ஒவ்வொரு முறையும் நடுவில் உள்ளூர் ஆள் ஒருவன் நிற்பான். அவன் தன் பங்கை எடுத்துவிட்டுத்தான் மேலே அனுப்புவான்.

இது கதைக்காகக் கட்டியதல்ல. 1830இல் ஆளுநர் ஃபன் டென் பொஷ் கொண்டுவந்த பயிரிடல் முறையில் கிராமம் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசு சொல்லும் ஏற்றுமதிப் பயிருக்கு விடவேண்டும். கோப்பி, கரும்பு, அவுரி என்று அந்தப் பயிர்கள். நடைமுறையில் பல இடங்களில் அதைவிடக் கூடவே பறிபோனது. விளைச்சலில் விழுக்காட்டுக் கணக்கில் ஒல்லாந்த அதிகாரிக்கும் புபாத்திக்கும் அரசே பங்கு கொடுத்தது. பயிர் கூடினால் அதிகாரியின் வருமானமும் கூடும். கிராமத்தைக் கசக்குவது அவருடைய வீட்டுச் செலவுக் கணக்கோடு கட்டப்பட்டுவிட்டது. லஞ்சம் என்று பெயர் வராமலே லஞ்சத்தின் முழு இயந்திரமும் சட்டப்படி ஓடியது. பான்டென் பகுதியிலுள்ள லெபாக்கில் பணியாற்றிய டவுவெஸ் டெக்கர் என்ற ஒல்லாந்த அதிகாரி, அங்கே புபாத்தியின் ஆட்கள் எருமை பறித்ததையும் கூலியில்லா வேலை வாங்கியதையும் வைத்து 1860இல் முல்தாத்துலி என்ற புனைபெயரில் ‘மாக்ஸ் ஹாவெலார்’ நாவலை வெளியிட்டார்.

அந்த நாவல் 1976இல் இந்தோனேசியாவும் நெதர்லாந்தும் சேர்ந்து எடுத்த படமாக வந்தது. இந்தோனேசியத் தணிக்கை அதை 1987 வரைக்கும் வெளியே விடவில்லை. ஒல்லாந்தனைக் கெட்டவனாகக் காட்டுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அதே கெடுதலை உள்ளூர்ப் பூபதி செய்வதாகக் காட்டியதுதான் உறுத்தியது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

சண்டைப்படக்காரர்கள் ஏன் திரும்பத் திரும்ப ஒல்லாந்தர் காலத்துக்கே போனார்கள் என்பதற்கு இங்கே பதில் கிடைக்கிறது. 1998 வரை நாட்டை ஆண்ட ஜனாதிபதி சுகார்த்தோவின் ஆட்சியில் படம் எடுக்கும் முன்னரே திரைக்கதையைத் தகவல் அமைச்சுக்குக் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும். எடுத்து முடித்த பிறகு தணிக்கைச் சபை இன்னொரு முறை பார்க்கும். 1981இல் படத் தயாரிப்புக்கென நெறிக்கோவை ஒன்றும் வந்தது. கெட்டவன் கடைசியில் தோற்க வேண்டும், அரசின் மீதும் அதன் காவலர் மீதும் சனத்துக்கு இருக்கும் நம்பிக்கை குலையக்கூடாது. இந்த வேலிக்குள் நின்றுகொண்டு, லஞ்சம் வாங்கும் இன்றைய பொலிஸ்காரனையோ புபாத்தியையோ வில்லனாக்க முடியாது. ஆனால் அவனுக்கு டெமாங்கின் உடுப்பைப் போட்டு, 100 வருசம் பின்னால் கொண்டுபோய், ஒல்லாந்தனுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் தணிக்கை ‘நாட்டுப்பற்றுப் படம்’ என்று முத்திரை குத்தித் தரும். பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்கு அந்த முகம் யாருடையது என்று விளங்காமலா இருந்திருக்கும்?

சுகார்த்தோவுக்கு முந்திய காலத்தை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1954இல் உஸ்மார் இஸ்மாயில் இயக்கிய ‘லெவாட் ஜாம் மாலாம்’, ஊரடங்கு நேரம் கடந்து என்று பொருள், சுதந்திரப் போரில் நின்ற இஸ்கந்தர் என்ற இளைஞனின் கதை. படையிலிருந்து பண்டுங் நகருக்குத் திரும்புகிறான். போர்க்காலத்தில் தனக்குத் தளபதியாக இருந்தவர் அந்தக் காலத்துக் கொள்ளைப் பொருளை முதலாக்கிப் பணக்காரராகிவிட்டார் என்று கண்டுபிடிக்கிறான். ஒல்லாந்தன் இல்லை, சூனியக்காரன் இல்லை, கெட்டவர் சொந்தப் படையின் ஆள். சுதந்திரம் கிடைத்துச் சில வருசங்களிலேயே இதை நேராகச் சொல்ல முடிந்தது. 2012இல் இந்தப் படம் இத்தாலியில் புதுப்பிக்கப்பட்டுக் கான் விழாவின் பழம்படப் பிரிவில் காட்டப்பட்டது. சண்டைப்படம் பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பிறகு வந்த படங்கள் எதைச் சொல்லாமல் விழுங்கின என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

படத்தொழிலுக்குள்ளும் இதே ஏணிதான். 1987இல் தொடங்கிய ‘21’ திரையரங்கச் சங்கிலியின் பெரும் புள்ளி சுத்விகாட்மோனோ, சுகார்த்தோவின் ஒன்றுவிட்ட சகோதரர். வெளிநாட்டுப் பட இறக்குமதியும் நகரத்து நல்ல திரையரங்குகளும் ஒரே கூட்டத்தின் கையில் போய்ச் சேர்ந்தன. 1989இல் தொடங்கிய முதல் தனியார் தொலைக்காட்சி சுகார்த்தோவின் மகன் ஒருவருடையது, அடுத்து வந்த ஒன்று மூத்த மகளுடையது. 1990இல் நூற்றுக்கு மேல் வெளிவந்த உள்ளூர்ப் படங்கள் சில வருசங்களில் முப்பதைச் சுற்றி வந்து நின்றன. சண்டைப்படங்களுக்கு மிஞ்சிய இடம் ‘லாயர் தஞ்சாப்’. தஞ்சாப் என்றால் நடுதல், லாயர் என்றால் திரை. இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணி கட்டி, ஜெனரேட்டர் வைத்து, கலியாண வீட்டிலும் சுன்னத்து வீட்டிலும் விடிய விடியப் படம் ஓட்டுவார்கள். எங்கள் ஊரில் கோயில் வளவில் வடமோடிக் கூத்து விடியும்வரை போவதும், டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து ஓரிரவில் மூன்று படம் போட்டதும் நினைவிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி கண்ணுக்குள் வரும். 35 மில்லிமீற்றர் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2,000 அடிச் சுருள் 22 நிமிடம் வரும். 90 நிமிடப் படத்துக்கு ஐந்து சுருள். ஒரு புரொஜெக்டர் மட்டும் இருந்தால் சுருள் மாற்ற நாலு தரம் இருட்டு. தூறல் விழுந்தால் சனம் கலைந்துவிடும், அதனால் இதற்கு ‘மிஸ்பார்’ என்று இன்னொரு பெயர், தூறினால் கலைவோம் என்று பொருள்.

இனி வீரர்கள். ஜாகா செம்புங் ஜாயிர் வார்னி வரைந்த சித்திரக்கதையில் பிறந்தவன், ராபி ஃபிலிம்ஸ் தயாரிப்பில் சிஸ்வோரோ கௌதமா புத்ரா இயக்கினார், பாரி பிரிமா நடித்தார். கணேஸ் வரைந்த ‘பேய்க்குகைக் குருடன்’ 1970இல் படமானது. தகப்பனைக் கொன்ற குருட்டுக் கொலைகாரனை வெல்ல, கதாநாயகன் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டு காதால் சண்டை போடப் பழகுகிறான். அதே வருசம் வந்த ‘சி பித்துங்’ பத்தாவியாவில் உண்மையாக இருந்த கொள்ளைக்காரனின் கதை. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் சீனடி, சிலம்படி தெரிந்தவர்கள் இந்தப் படங்களின் காலடியைக் கவனியுங்கள். பென்சாக் சீலாட் என்ற அவர்களுடைய தற்காப்புக் கலையில் இடுப்புத் தாழ்ந்து இருக்கும், அடி சுற்றி வரும், கத்தி முழங்கைக்கு ஒட்டி நிற்கும். பாரி பிரிமா கொரியாவின் தைக்குவொண்டோ பழகியவர், அதனால் அவருடைய கால் தலைக்கு மேலே போகும். ஒரே சண்டைக்குள் இரண்டு நாட்டுக் காலடி தெரியும்.

துண்டம் ஒட்டும் காட்சி எப்படி வந்தது என்று பலர் கேட்பார்கள். அந்தக் காலத்தில் இதற்கு வழக்கமான வழி பின்னோக்கி ஓட்டுவது. ரப்பர்த் துண்டுகளைப் பொருத்தி வைத்து, கண்ணுக்குத் தெரியாத நூலால் வெளியே இழுத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு சுருளைத் திருப்பி ஓட்டினால் துண்டுகள் தாமாக வந்து சேரும். புழுதியைப் பார்த்தால் பிடிபட்டுவிடும், எழும்பிய தூசு நிலத்துக்குள் திரும்பிப் போகும். சண்டையின் வேகத்துக்கு, விநாடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 20, 22 என்று குறைத்துப் பிடித்துவிட்டு 24இல் ஓட்டுவார்கள். கை வேகமாகத் தெரியும், ஆனால் பின்னால் நிற்பவனின் சாரமும் துடிதுடிக்கும். பேச்சு முழுவதும் பிறகு சேர்த்தது. உதடும் சொல்லும் பொருந்தாவிட்டால் உங்கள் கொப்பியில் பிழை என்று நினைக்கவேண்டாம்.

இந்தப் படங்களில் எனக்கு உள்ள பெரிய குறை முடிவில்தான். கும்பெனித் தளபதி சாகிறான், சூனியக்காரன் சாகிறான், சனம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் அடுத்த டெமாங் யார்? நெல்லை அளந்து எடுத்த லூரா எங்கே போனான்? கணக்கு எழுதியவன்? படம் அதைக் கேட்பதேயில்லை. மேலே ஒரு தலையை வெட்டினால் ஏணி விழுந்துவிடும் என்று நம்ப வைக்கிறது. இந்தோனேசியா அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையை 1998க்குப் பிறகு பார்க்கலாம்.

1998 மே 21 சுகார்த்தோ பதவி விலகினார். தெருவில் நின்ற மாணவரின் கோசம் மூன்று எழுத்து: கேகேஎன். லஞ்ச ஊழல், கூட்டுச்சதி, உறவினர் சலுகை. 2002ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் ‘கேபிகே’ என்ற ஊழல் ஒழிப்பு ஆணைக்குழு உருவானது. 1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த எங்கள் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரசுக்கு 100 கோடி ரூபியாவுக்குக் குறையாமல் நட்டம் வந்த வழக்குகளையும் அரச அதிகாரிகளின் வழக்குகளையும் கேபிகே எடுக்கும். நீதிமன்ற அனுமதியில்லாமல் தொலைபேசி ஒட்டுக்கேட்கலாம். தொடங்கிய விசாரணையை இடையில் கைவிட 2019 வரைக்கும் அதற்கு அதிகாரம் இருக்கவில்லை. இந்தக் கடைசி விதிதான் பெரிய பலமாக இருந்தது. கைவிட முடியாத வழக்கைக் கைவிடச் சொல்லி யாரும் காசு கொடுக்கமாட்டான்.

அதன் முதல் பெரிய வழக்கு எங்களுக்குக் கிட்டிய ஓர் இடத்தில் இருந்து வந்தது. ஆச்சே மாகாண ஆளுநர் அப்துல்லா புத்தே ஹெலிகொப்டர் வாங்கியதில் ஊழல் செய்தார் என்று 2004 டிசம்பர் தொடக்கத்தில் தடுத்து வைக்கப்பட்டார். அதே மாதம் 26ஆம் திகதி, நாவலடியையும் கல்முனையையும் அள்ளிக்கொண்டு போன அதே ஆழிப்பேரலை ஆச்சேயை அடித்தது. 2005 ஏப்ரலில் புத்தேக்கு 10 வருசச் சிறை விதிக்கப்பட்டது. உலகம் முழுவதிலுமிருந்து நிவாரணக் காசு வந்து கொட்டிய நேரம் அது. அந்தத் தீர்ப்பின் கனம் அலை அடித்த கரைகளில் இருந்த எங்களுக்கு விளங்கும்.

கேபிகே கையும் களவுமாகப் பிடிக்கும் முறைக்கு ‘ஓட்டேட்டே’ என்று பெயர். ஒட்டுக்கேட்டு, காசு கைமாறும் இடத்தையும் நேரத்தையும் அறிந்து, கவரை வாங்கியவர் விரலை எடுப்பதற்குள் உள்ளே நுழைவார்கள். பிடித்த 24 மணித்தியாலத்துக்குள் அவர் சந்தேகநபரா இல்லையா என்று முடிவெடுக்கவேண்டும். அடுத்த நாள் மேசையில் நோட்டுக்கட்டு, பின்னால் செம்மஞ்சள் மேலங்கி போட்ட புபாத்தி. அந்த மேலங்கி நாட்டுக்கே தெரிந்த வேசமாகிவிட்டது. பழைய படத்தின் கடைசிக் காட்சியைச் சனம் செய்தியில் பார்க்கத் தொடங்கியது.

2009இல் இது முழுப் படமாகவே மாறியது. பொலிஸ் புலனாய்வுத் தலைவராக இருந்த சுஸ்னோ டுவாஜி, கேபிகே பல்லி, பொலிஸ் முதலை, பல்லி முதலையோடு மோதுகிறதே என்ற பொருளில் ஒரு பேட்டி கொடுத்தார். இந்தோனேசிய மொழியில் பல்லி ‘சிச்சா’, முதலை ‘புவாயா’. சொல்லி முடிப்பதற்குள் சனம் பல்லியைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. ‘நான் பல்லி’ என்று சட்டையில் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். பல்லி சொன்னால் பலிக்கும் என்று நம்பும் எங்கள் வீடுகளில் அந்தச் சின்னத்தின் பலம் சொல்லாமலே விளங்கும். பழைய சண்டைப்படமொன்றில் முதலை ராணிதான் வில்லி என்பதையும் சேர்த்துப் பாருங்கள், 1984இல் வந்த ‘கொலொக் செத்தான்’, சாத்தான் கத்தி. கேபிகே துணைத் தலைவர்கள் இருவர் கைதானார்கள். நவம்பர் 3ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் ஒட்டுக்கேட்ட ஒலிப்பதிவை நாலரை மணித்தியாலம் பகிரங்கமாகப் போட்டது. அவர்கள் மீது வழக்கைக் கட்டுவது பற்றிய பேரம் அதில் அப்படியே கிடந்தது. நேரடி ஒளிபரப்பில் நாடே கேட்டது. அன்றிரவே இருவரும் வெளியே வந்தார்கள்.

பல்லி வென்றது என்று அந்த வருசத்தோடு கதையை நிறுத்துபவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 2017 ஏப்ரல் 11 விடியற்காலைத் தொழுகை முடித்து நடந்து வந்த கேபிகே புலனாய்வாளர் நோவெல் பஸ்வேடன் முகத்தில் அமிலம் வீசினார்கள். இடக்கண் போனது. ஜாகா செம்புங்கின் கண்ணையும் படத்தில் பிடுங்குகிறார்கள், ஆனால் படம் முடியுமுன் அவனுக்குப் பார்வை திரும்பி வரும். நோவெலுக்கு வரவில்லை. 2020இல் இரண்டு பொலிஸ்காரர்களுக்கு ஒருவருக்கு 2 வருசம், மற்றவருக்கு ஒன்றரை வருசம் சிறை. 2019 செப்டம்பரில் நாடாளுமன்றம் கேபிகே சட்டத்தை மாற்றியது. ஊழியர்கள் அரச ஊழியர்களாக்கப்பட்டார்கள், மேலே ஒரு கண்காணிப்புச் சபை வந்தது, இரண்டு வருசத்தில் முடியாத வழக்கைக் கைவிடலாம் என்ற அதிகாரமும் வந்தது. மாணவர்கள் நகரம் நகரமாகத் தெருவில் இறங்கியும் சட்டம் நின்றது. 2021 செப்டம்பர் முடிவில் தகுதித் தேர்வில் தேறவில்லை என்று 57 பேரை வெளியே அனுப்பினார்கள், நோவெலும் அதில் ஒருவர். இந்த முறை யாரும் பல்லியைக் கைது செய்யவில்லை. சம்பளப் பட்டியலையும் ஒரு விதியையும் மாற்றினார்கள், அவ்வளவுதான். வெட்டிய துண்டு மண்ணைத் தொட்டுவிட்டது.

புதிய படங்கள் சில இதைப் பிடித்திருக்கின்றன. 2011இல் வந்த ‘தி ரெய்ட்’ படத்தில் அடுக்குமாடிக்குள் நுழையும் பொலிஸ் அணிக்கு மேலிடத்து உத்தரவே கிடையாது என்று பாதியில் தெரியவரும், கூட்டிவந்த லெப்டினன்ட் சொந்தக் கணக்கு ஒன்றைத் தீர்க்க வந்தவர். தணிக்கை தளர்ந்த பிறகு டெமாங் உடுப்பு தேவைப்படவில்லை, சீருடையோடே காட்டலாம்.

வாசிகசாலையிலோ கழகத்திலோ இவற்றைப் போட நினைப்பவர்களுக்குச் சில விசயம். பகிரங்கமாகப் போட உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், பழைய நிறுவனங்கள் சில இன்னும் இயங்குகின்றன. கண் பிடுங்கும் காட்சி உள்ள படத்தைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் போடவேண்டாம். ஆங்கிலத்தில் பேச்சு மாற்றிய கொப்பியைத் தவிருங்கள், டெமாங்கும் லூராவும் அதில் ஒரே ‘அதிகாரி’ ஆகிவிட்டால் ஏணி தெரியாது. பழைய வீடியோக் கசெட்டிலிருந்து எடுத்த கொப்பிகளில் அகலத் திரையின் இரு ஓரமும் வெட்டுப்பட்டிருக்கும், காசு வாங்கும் கை சட்டத்துக்கு வெளியே நிற்கும்.

வசன எழுத்து படத்தோடு பொருந்தாமல் ஓடுவது வழக்கமான கரைச்சல். 24 சட்டகப் படத்தைக் கசெட்டுக்காக 25இல் ஓட்டியிருப்பார்கள். 10ஆவது நிமிடத்தில் 24 விநாடி பிந்தும், 90ஆவது நிமிடத்தில் 3 நிமிடம் 36 விநாடி. ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை 24இலிருந்து 25க்கு மாற்றினால் சரியாகும். ஓர் இடம்வரை சரியாக வந்து பிறகு ஒரே அளவாகப் பிந்தினால் அது வேறு நோய், அந்த இடத்தில் காட்சி வெட்டுப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கீழே உள்ளதை மட்டும் நகர்த்துங்கள். தமிழ் எழுத்தைப் பழைய ரீவியில் பென்டிரைவ் வழியாகப் போட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும், அல்லது வெறும் பெட்டி பெட்டியாக வரும். கோப்பை யூடிஎஃப்-8இல் சேமித்து, ‘ஹேண்ட்பிரேக்’ போன்ற ஒன்றால் எழுத்தைப் படத்தோடு எரித்துவிடுங்கள். ஒரு வரிக்கு ஐந்து சொல், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், குறைந்தது 2 விநாடி நிற்கட்டும்.

வெளியில் போடுவதென்றால் மாசி தொடக்கம் புரட்டாதி வரை, மாலை 7 மணிக்குப் பிறகு. 10 அடி அகலத் துணியில் அகலத் திரைப்படம் நாலேகால் அடி உயரம்தான் பிடிக்கும், மிச்சக் கறுப்புப் பட்டையில் வசனத்தை இறக்கினால் படம் மறையாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று துணியைப் பாய்போல் ஊதும், கீழ் ஓரத்தையும் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் கும்பெனியைக் கொம்பனி என்றே போடுங்கள், ஒல்லாந்தப் படை என்று விரிக்கவேண்டாம். லூராவுக்கு விதானையார். டெமாங்குக்கு உடையார் கிட்ட வரும். ‘சுவாப்’ வரும் இடத்தில் லஞ்சம் என்றுதான் எழுதவேண்டி வரும், ஊட்டுவது அதில் விடுபட்டுப் போகும். படம் தொடங்குமுன் அதை மட்டும் சனத்துக்கு வாயால் சொல்லிவிடுங்கள்.